மாடல் ரயில் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

லேஅவுட்டில், அதாவது பலகைமேல் அமைத்த மாடல் ரயில் பாதையில், ரயில் நின்றுவிட்டால் கை உடனே துடைக்கும் துணிக்கோ ஸ்க்ரூடிரைவருக்கோ போகும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: கோளாறு இடத்தோடு இருக்கிறதா, வண்டியோடு போகிறதா? எந்த லோகோவை விட்டாலும் அதே இடத்தில் நின்றால் டிராக்கைப் பாருங்கள். ஒரு லோகோ மட்டும் எங்கே போனாலும் தகராறு செய்தால் அந்த லோகோவைக் கழற்றுங்கள். குறிப்பிட்ட ஒரு வண்டி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகு இருக்கிறது. நேரத்தை அதிகம் விழுங்குவது இந்த வகைதான்.

அப்புறம், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். டிராக்கையும் சக்கரத்தையும் துடைத்து, தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயினரையும் மாற்றிவிட்டால் ரயில் அன்றைக்கு ஓடிவிடும். எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

கீழே உள்ள அளவுகள் ஹெச்ஓ ஸ்கேலுக்கானவை. அதாவது 1:87 விகிதம், 16.5 மில்லிமீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான தூரம்). ஓஓ ஸ்கேலிலும் டிராக் அதே 16.5 என்பதால் ஓஓ ஓட்டுபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். கையில் ஒரு மல்டிமீட்டர், வெர்னியர் காலிப்பர், சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று, டூவீலர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று இருந்தால் போதும். பல்பு எதற்கு என்பது சற்று நேரத்தில் தெரியும்.

லோகோ அசையவே இல்லை

முதலில் டிராக்கில் எதாவது உலோகத் துண்டு குறுக்கே கிடக்கிறதா பாருங்கள். ஸ்டீல் ஸ்கேல், வெட்டிய வயர் முனை, கழன்று விழுந்த கப்ளிங் ஸ்பிரிங், எதுவானாலும் ஷார்ட்தான். எல்லா வண்டிகளையும் எடுத்துவிட்டு, கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு வயரையும் டிராக்கிலிருந்து கழற்றி, வயர் முனையிலேயே மீட்டரை வையுங்கள். சாதாரண டிசி கன்ட்ரோலர் முழு வேகத்தில் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அங்கே சரியாக இருந்து தண்டவாளத்தில் இல்லையென்றால் இடையில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. வயர் மாட்டும் இடத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக மீட்டரோடு நகர்ந்து போனால் இடம் பிடிபடும்.

டிராக்கில் கரண்ட் இருக்கிறது, லோகோ மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் அதைத் தலைகீழாக ஒரு ஸ்பாஞ்சில் படுக்கவைத்து, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு வயரை இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் தொடுங்கள். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சக்கரத்தில்தான் அழுக்கு. ஓடாவிட்டால் மேல் மூடியைக் கழற்றி மோட்டாரின் இரண்டு முனையிலும் நேராகத் தொடுங்கள். அங்கே ஓடினால் சக்கரத்தை உரசும் பித்தளைத் தகடு வளைந்திருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும். டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்) போட்ட லோகோவுக்கு இந்த பேட்டரி சோதனையை நம்ப வேண்டாம். டிகோடரில் டிசி ஓட்டம் அணைக்கப்பட்டிருந்தால் நல்ல லோகோவும் அசையாது.

ஓடுகிறது, திக்கித் திக்கி நிற்கிறது

இந்தப் பொழுதுபோக்கில் வரும் புகார்களில் இதுதான் தலையாயது. விரலால் தட்டினால் நகர்ந்துவிடும், நாலு அடி போய் மறுபடி நிற்கும்.

ஊரெங்கும் நின்று நின்று போனால் அழுக்கு. நம் வீடுகளில் அழுக்கு வருவதற்கு வழி நிறைய. சீலிங் ஃபேன் கிளப்பும் தூசி, தாளிக்கும்போது வரும் எண்ணெய் ஆவி, ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை, கடலோர ஊரென்றால் உப்புக்காற்று. லேஅவுட் பூஜை அறைக்கோ அடுக்களைக்கோ பக்கத்தில் இருந்தால் தண்டவாளத்தில் ஒரு பிசுக்குப் படலம் ஏறிக்கொண்டே இருக்கும். சக்கரம் அதன்மேல் உருளும்போது பொறி பறந்து அது கறுப்பாகக் கெட்டிப்படுகிறது.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள், டிராக்கிலிருந்து வேண்டாம். டிராக்கைப் பளிச்சென்று துடைத்துவிட்டு அழுக்குச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினால் அரை மணி நேரத்தில் பழைய நிலைதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, லோகோவின் முன் போகியை (சக்கரங்கள் பொருத்திய, திரும்பக்கூடிய அடிச்சட்டம்) அதன்மேல் வைத்துப் பின் போகி வெறும் தண்டவாளத்தில் இருக்கும்படி கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். பின் போகி கரண்டை வாங்கும், முன் போகியின் சக்கரங்கள் டிஷ்யூவில் சுழன்று இரண்டு கறுப்புக் கோடு போடும். டிஷ்யூவை நகர்த்தி, கோடு வருவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். பிறகு லோகோவைத் திருப்பி மறு போகிக்கும் அதே. ஜன்னலைத் திறந்து வைத்து, கொஞ்சமாக நனைத்தாலே போதும். சொட்டச் சொட்ட நனைத்த துணியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். சானிடைசரைப் பயன்படுத்த வேண்டாம். அதில் கலந்திருக்கும் கிளிசரின் பிசுக்காகத் தங்கிவிடும்.

பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் அழுக்கை டிராக் முழுக்கப் பூசுவது அவைதான். உலோகச் சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். முதலில் எதற்குச் செலவு செய்யலாம் என்று கேட்டால் புது லோகோவுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். டிராக்கை உப்புக் காகிதத்தால் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு நன்றாக ஓடும். ஆனால் காகிதம் கிழித்த நுண்ணிய கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாக அடையும், பிறகு துடைத்தாலும் வராது.

சரி, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எல்லா லோகோவும் மெதுவாகின்றன அல்லது நிற்கின்றன என்றால்? பெரும்பாலும் ரயில் ஜாயினர். இரண்டு துண்டுத் தண்டவாளத்தைச் சேர்க்கும் அந்தச் சின்னத் தகடு காலப்போக்கில் தளர்ந்து, உள்ளே கறுத்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கமும் 12 வோல்ட், இந்தப் பக்கமும் 12 வோல்ட் காட்டும். டிராக்கில் குற்றமில்லை என்று பலர் ஏமாறுவது இங்கேதான். மீட்டர் தான் இழுக்கும் கரண்ட் இல்லையென்றே சொல்லுமளவு குறைவு. அதனால் ஜாயின்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வோல்டேஜ் இறங்காது. லோகோ வந்து கரண்ட் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பல்பு இதற்குத்தான். அந்த 10 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும். இரண்டு வயரை சால்டர் செய்து, சந்தேகப்படும் ஜாயினருக்கு அப்பால் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மாட்டி எரியவிடுங்கள். கண்ணாடி கொதிக்கும், பிளாஸ்டிக் ஸ்லீப்பர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மீட்டரின் ஒரு முனையை ஜாயினருக்கு இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும், ஒரே தண்டவாளத்தில் வையுங்கள். நல்ல ஜாயின்ட் சில மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் திருடன் அகப்பட்டான். இப்படி ஒவ்வொரு ஜாயினராகத் தாண்டித் தாண்டிப் போனால் ஒரு மாலையில் லேஅவுட் முழுவதும் முடிந்துவிடும்.

ஜாயினரை இடுக்கியால் நசுக்குவது தற்காலிகம். ஒவ்வொரு டிராக் துண்டுக்கும் கீழிருந்து தனியாக ஒரு ஜோடி ஃபீடர் வயர் சால்டர் செய்வதே நிரந்தரத் தீர்வு. அதற்குப் பிறகு ஜாயினரின் வேலை தண்டவாளத்தை நேராகப் பிடிப்பது மட்டும்தான்.

தூரம் போகப் போக வேகம் குறைகிறது

தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. கரண்டைக் கடத்துவதில் அது செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே தண்டவாளத்தையே வயராக நம்பாமல், பலகைக்கு அடியில் செம்பு பஸ் வயர் ஒரு ஜோடி, ஃபீடர்களெல்லாம் வந்து சேரும் முதன்மை வயராக, ஓட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு சுமார் 0.012 ஓம் தடை. 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர், 0.24 ஓம். மூன்று ஆம்பியர் இழுத்தால் முக்கால் வோல்ட் போகும். இது தாங்கக்கூடியது. இதைவிட நீளமான லேஅவுட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அதே வயர்தான். ஃபீடருக்கு 0.5 போதும், ஆனால் நீளம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

டிசிசி, அதாவது ஒவ்வொரு லோகோவுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை, வைத்திருந்தால் காசுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். டிராக்கின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்தால் டிராக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். டிரிப் ஆகாவிட்டால் நாணயத்தை அப்போதே எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்குப் போகும் வயர் மெலிசு அல்லது ஜாயின்ட் மோசம். நாளைக்கு அங்கே ஒரு பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால் பூஸ்டர் தன் முழு ஆம்பியரையும் அந்தச் சக்கரத்தின் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் போகி உருகும்.

பாயிண்ட்டில் நிற்கிறது, அல்லது ஷார்ட் அடிக்கிறது

பாயிண்ட் என்பது பாதை இரண்டாகப் பிரியும் இடம். அங்கே சின்ன ஷன்ட்டர் நிற்கிறது, நீள லோகோ தாண்டிவிடுகிறது என்றால் காரணம் ஃப்ராக், அதாவது இரண்டு பாதையின் தண்டவாளங்களும் ஒன்றையொன்று வெட்டும் முனை. பிளாஸ்டிக் ஃப்ராக்கில் கரண்ட் கிடையாது. சக்கர இடைவெளி குறைந்த லோகோ அதன்மேல் பட்டினியாக நின்றுவிடும். உலோக ஃப்ராக் என்றால் பாயிண்ட் மாறும்போது ஃப்ராக்கின் துருவமும் மாற வேண்டும். பல பாயிண்ட்களில் அந்த வேலையை பிளேடு (பாதையை மாற்ற அசையும் கூர்முனைத் தண்டவாளம்) பக்கத் தண்டவாளத்தை ஒட்டுவதே செய்கிறது. ஒட்டும் இடத்தில் தூசி இருந்தால் ஃப்ராக் செத்துவிடும். துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். பாயிண்ட் மோட்டாரோடு வரும் சுவிட்ச் வழியாகவோ தனி மைக்ரோசுவிட்ச் வழியாகவோ ஃப்ராக்குக்குக் கரண்ட் கொடுத்தால் பிறகு அந்தக் கவலையே இல்லை.

பாயிண்ட்டை மாற்றியவுடன் வண்டி ஏதும் இல்லாமலே ஷார்ட் ஆனால், உலோக ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். வண்டி கடக்கும்போது மட்டும் ஒரு பொறி பறந்து ஷார்ட் ஆனால் வேறு கதை. பிளாஸ்டிக் ஃப்ராக்கின் முனையில் இரண்டு தண்டவாளமும் நெருங்கி வரும் இடத்தில் அகலமான சக்கரம் இரண்டையும் சேர்த்து மிதிக்கிறது. அந்த இடத்தில் தண்டவாளத் தலையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஷார்ட் நின்றால் நோய் உறுதி. பாலிஷ் தேய்ந்துபோகும், அதனால் பிற்பாடு அங்கே மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து இடைவெளியை நீட்ட வேண்டியிருக்கும்.

பாயிண்ட் பாதி வழியில் நின்றால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் பிளேடின் இடுக்கைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஜல்லி ஒட்டிய பசை, இரண்டு பிளேடையும் இணைக்கும் டை பாருக்குள் இறங்கியிருக்கும், அல்லது ஒரே ஒரு ஜல்லி மணி மாட்டியிருக்கும். காயில் வகை மோட்டாருக்குக் கணநேரக் கரண்ட்தான் போக வேண்டும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் காயில் கருகிவிடும். கெப்பாசிட்டரில் சேர்த்துவைத்து ஒரே அடியாக விடும் சிடியு சர்க்யூட் இருந்தால் அடியும் பலமாக இருக்கும், காயிலும் தப்பிக்கும்.

தடம் புரள்கிறது

புரளும் பெட்டியை எடுத்து முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் விடுங்கள். பிறகு வேறு பெட்டியை விடுங்கள். இந்த இரண்டு ஓட்டத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பெட்டிதான் காரணம் என்றால் முதலில் சக்கரம். ஒரு அச்சில் இருக்கும் இரண்டு சக்கரத்தின் உள்முகங்களுக்கு இடையே காலிப்பர் வைத்தால் சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்ட்டில் சக்கரத்தை வழிநடத்தும் செக் ரயிலில் ஏறும், அதிகமானால் ஃப்ராக்கில் இடிக்கும். கையால் திருகி மெல்ல நகர்த்தலாம்.

அடுத்து, பெட்டியைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்துங்கள். ஒரு கால் குட்டையான நாற்காலி போல ஆடினால் டிராக் கொஞ்சம் முறுக்கியிருக்கும் இடத்தில் ஒரு சக்கரம் காற்றில் நிற்கும். போகி பெட்டியென்றால் ஒரு பக்க ஸ்க்ரூவை போகி திரும்ப மட்டும் இடம்விட்டு இறுக்குங்கள். மறுபக்க ஸ்க்ரூவை அரைச் சுற்றுக் கூடத் தளர்த்தி, எல்லாப் பக்கமும் அசையவிடுங்கள். இந்த ஒரு திருகலில் தீர்ந்துபோன புகார்கள் ஏராளம்.

பிறகு எடை. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம், அதாவது என்எம்ஆர்ஏ, ஹெச்ஓ பெட்டிக்குச் சொல்லும் கணக்கு: அடிப்படையாக 1 அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 245 மில்லிமீட்டர், ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேல். எடை சுமார் 165 கிராம் வர வேண்டும். குறைந்தால் தரைத்தளத்தை ஒட்டி எடை சேருங்கள், கூரையில் வேண்டாம்.

இடம்தான் காரணம் என்றால் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, டிராக்கின் நீளவாக்கில் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது வழவழப்பாகத் தெரியும் வளைவு, கீழிருந்து பார்த்தால் ஜாயின்ட்டில் முழங்கை போல ஒடிந்திருப்பது தெரியும். ஃப்ளெக்ஸி டிராக்கை வளைத்த பிறகு சேர்த்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு துண்டையும் நேராக வைத்துச் சேர்த்து சால்டர் செய்து, அதன் பிறகே வளைக்க வேண்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியைத் தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டை விரல் சொல்லிவிடும். பாயிண்ட் பிளேடின் நுனியில் தடுக்கினால் சின்ன அரத்தால் நுனியை மெலிதாக்கி, தண்டவாளத்தோடு படியும்படி செய்யுங்கள்.

நீளப் பெட்டிகள் மட்டும் வளைவில் புரண்டால் டிராக் ஒழுங்காகவே இருக்கலாம், வளைவுதான் இறுக்கம். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல இரண்டரை மடங்காவது இருந்தால் நிம்மதி. 245 மில்லிமீட்டர் ஐசிஎஃப் பெட்டிக்கு அது 61 சென்டிமீட்டர் வரும். இடப்பக்கம் வளைந்து உடனே வலப்பக்கம் வளையும் இடமிருந்தால் நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர் டிராக் போடுங்கள். ரயிலைப் பின்னால் தள்ளும்போது அங்கேதான் புரளும்.

இந்திய ரயில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், 1:87-இல் 19.3 வர வேண்டும். 16.5 டிராக்கில் ஓட்டுகிறோம். ஆனால் பெட்டியின் அகலம் குறைவதில்லை: 3245 மில்லிமீட்டர் ஐசிஎஃப் பெட்டி 37 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஐரோப்பிய அளவில் செய்த பிளாட்பாரமும் சுரங்க வாயிலும் இதை உரசும். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளே தள்ளும், முனைகள் வெளியே தள்ளும். பெட்டியின் இரு பக்கத்திலும் பென்சில் கட்டி ஒரு சுற்று உருட்டினால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கோடே போட்டுக்கொடுத்துவிடும். பிளாட்பாரத்தை அதற்குப் பிறகு ஒட்டுங்கள்.

ஏற்றத்தில் வழுக்குகிறது, பெட்டிகள் கழன்றுவிடுகின்றன

2 சதவீத ஏற்றம் வசதியானது. 4 சதவீதம் குட்டி ரயிலுக்கு மட்டும். ஒரு பாதை மற்றொன்றுக்கு மேலே போக 75 மில்லிமீட்டர் உயரம் வேண்டுமென்றால் 2 சதவீதத்தில் 3.75 மீட்டர் நீளம் தேவை. இடமில்லாமல் செங்குத்தாக ஏற்றியதுதான் வழுக்கலுக்குப் பெரும்பாலும் காரணம், அதிலும் ஏற்றமே வளைவாக இருந்தால் இழுவை இன்னும் கூடும். லோகோவின் ரப்பர் டயர் பளபளவென்று கெட்டித்துப் போயிருந்தால் மாற்றுங்கள். டிராக்கில் எண்ணெய் சிந்தியிருந்தாலும் இதே அறிகுறி.

கழல்வது ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் என்றால் அங்கே திடீர் மடிப்பு இருக்கிறது. ஒரு கப்ளிங் மேலேயும் மற்றது கீழேயும் போய் விலகுகின்றன. சரிவை ஒரு பெட்டி நீளத்துக்காவது படிப்படியாகக் கூட்டுங்கள். எல்லா இடத்திலும் கழன்றால் கப்ளிங் உயரத்தை உயர கேஜில் வைத்துச் சரிபார்த்து, போகிக்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டிக் டிக் என்று நொண்டுகிறது, சூடாகிறது

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை நொண்டினால் அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கும். வெடிப்பு மயிரிழை அளவுதான், பற்களின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். ஒட்டுவது நிற்காது, மாற்ற வேண்டும். மோட்டார் சூடாகி வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். அச்சில் சுற்றிய தலைமுடி, கார்பெட் நூல், காய்ந்து மெழுகான பழைய கிரீஸ் ஆகியவையே வழக்கமான காரணங்கள். பிளாஸ்டிக்கைத் தின்னாத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உறையாத நாளில் பிசினாகும்.

டிசிசியில் லோகோ பேச்சைக் கேட்பதில்லை

புது டிகோடரின் முகவரி 3. அதை முதலில் அழைத்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் புரோகிராமிங் டிராக்கில் வைத்து சிவி 8-இல் 8 என்று எழுதுங்கள் (சிவி என்பது டிகோடர் தன் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்). பல தயாரிப்பாளர்களின் டிகோடர்களில் இது எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும். லோகோ திடீரென்று தன்பாட்டில் முழு வேகத்தில் ஓடினால், டிராக்கில் உள்ள சிக்னலை டிகோடர் டிசி என்று தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. சிவி 29-ஐப் படியுங்கள். 6 என்றிருந்தால் அதில் 4 என்பது டிசி அனுமதி. அதைக் கழித்து 2 எழுதினால் ஓட்டம் அடங்கும். முன்னால் போகச் சொன்னால் பின்னால் ஓடினால் அதே சிவி 29-இல் 1 கூட்டுங்கள்.

ரயில் சுற்றிவந்து தன் பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும் லூப்பில் ஷார்ட் வந்தால் அது கோளாறே இல்லை, அமைப்பே அப்படி. லூப்பின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி இன்சுலேட் செய்து, துருவத்தைத் தானாகவே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் போட வேண்டும். உலோகச் சக்கரம் போட்டிருந்தால் முழு ரயிலும் அந்த லூப்புக்குள் அடங்க வேண்டும்.

வெயிலில் டிராக் நெளிகிறது, மழைக்காலத்தில் எல்லாமே புரள்கிறது

மொட்டை மாடி அறை லேஅவுட்களில் இது சகஜம். ஒரு கஜம் நீளமுள்ள டிராக் 20 டிகிரி சூடேறினால் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளும். மார்கழிக் காலையில் டிராக் போடுவதாக இருந்தால் ஜாயின்ட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். சித்திரை மதியத்தில் போட்டால் கிட்டத்தட்ட ஒட்டியே போடலாம். எல்லா ஜாயினரையும் சால்டர் செய்துவிடாதீர்கள். வளைவில் இருப்பவற்றை மட்டும் சால்டர் செய்து, நேர்ப்பாதையில் உள்ளவை நகரட்டும், ஃபீடர்தான் இருக்கிறதே.

உலோகத்தைவிடப் பெரிய ஆட்டம் ஆடுவது மரம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து ஊதிய பலகை மாசிக்குள் சுருங்கும், டிராக்கும் கூடவே நகரும். எம்டிஎஃப் ஈரம் பட்டால் விளிம்பில் பொரிந்து உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் பிடபிள்யூபி பிளைவுட் 12 மில்லிமீட்டர் வாங்கி, மேலே கீழே மட்டுமல்லாமல் வெட்டிய விளிம்புகளிலும் வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள். ஈரம் ஏறுவது அந்த விளிம்பு வழியாகத்தான். ஏற்கெனவே கட்டி முடித்த லேஅவுட் என்றால் அடியில் படுத்துக்கொண்டு விளிம்புகளுக்காவது பூசிவிடலாம். அப்படியே அறையில் ஒரு ஈரமானியை மாட்டி, புரளும் நாளிலெல்லாம் அது காட்டும் எண்ணைப் பெட்டி எண்ணோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் எந்தப் பலகையை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.